எம்.எஸ். களைப்புக்கு வைட்டமின் டி: அளவைக் கூட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. ஐந்து ஆண்டுகளாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அதாவது மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறை சிதையும் எம்.எஸ். நோய் இருக்கிறது, விட்டு விட்டு வரும் வகை. வாரம் மூன்று நாள் இன்டர்ஃபெரான் ஊசி, கால் இறுக்கத்துக்கு பேக்லோஃபென் மாத்திரை. மதியம் இரண்டு மணிக்கு மேல் உடம்பில் தெம்பே இருப்பதில்லை. ரத்தத்தில் வைட்டமின் டி 14 என்று வந்ததால், வாரம் ஒரு முறை 60,000 யூனிட் என்று எட்டு வாரத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஆறு வாரம் முடிந்துவிட்டது. தொடை வலி குறைந்திருக்கிறது. களைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. எம்.எஸ். உள்ள தெரிந்தவர்கள் தினமும் 10,000, சிலர் 20,000 எடுத்தால்தான் களைப்பு போகும் என்கிறார்கள். கால்சியம் மாத்திரை இரண்டு வேளை, மல்டிவைட்டமின் ஒன்று, முடி கொட்டாமல் இருக்க பயோட்டின் ஒன்று ஏற்கெனவே எடுக்கிறேன். இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்துவிடுகிறேன். வைட்டமின் டி அளவைக் கூட்டலாமா? நிறுத்தினால் எம்.எஸ். அதிகமாகிவிடுமா?

பதில்: கூட்ட வேண்டாம். எழுதிக் கொடுத்த எட்டு வாரத்தை அதே அளவில் முடியுங்கள். பிறகு தினசரி சிறிய அளவுக்கு மாறுங்கள். களைப்புக்கான காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். அது எங்கே இருக்கலாம் என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே இரண்டு மூன்று தடயங்கள் இருக்கின்றன.

முதலில் தொடை வலி. வைட்டமின் டி நன்றாகக் குறைந்தால் எலும்பில் சுண்ணாம்புச் சத்து சரியாகப் படியாது. இடுப்பு, தொடை, தோள் பகுதித் தசைகளும் பலவீனப்படும். தாழ்வான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாது, படி ஏற முடியாது, எலும்பை அழுத்தினால் வலிக்கும். இந்தப் பலவீனம் காலை, மாலை என்று பெரிதாக மாறாது. உங்கள் அளவான 14 நானோகிராம் உண்மையான குறைபாடுதான். ஒரு மில்லி லிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று பெரும்பாலான மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சில லேப்கள் நானோமோல் கணக்கில் தரும், அதை 2.5-ஆல் வகுத்தால் நானோகிராம் வரும். உங்களுக்குத் தொடை வலி குறைந்திருக்கிறது என்றால் மருந்து அதன் வேலையைச் செய்திருக்கிறது என்றுதான் பொருள்.

நீங்கள் விவரிக்கும் மதியக் களைப்பு வேறு ஜாதி. நரம்பின் மேலுறை சிதைந்த இடங்களில் மின் சமிக்ஞை தடுமாறிப் போகிறது. அதே வேலையைச் செய்ய மூளை கூடுதல் பகுதிகளைப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. நாள் ஏற ஏற, உடல் சூடு ஏற ஏற இது மோசமாகும். ஓய்வெடுத்தால் ஓரளவு தேறும். வைட்டமின் டி சென்று நிரப்பக்கூடிய காலியிடம் இதில் இல்லை. எம்.எஸ். உள்ளவருக்கு இரண்டு களைப்பும் ஒன்றாக இருக்கலாம் என்பதுதான் குழப்பம். ஒன்று சரியாகும்போது, மருந்தைக் கூட்டினால் மற்றதும் போய்விடும் என்று தோன்றுவது இயல்பு.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன? எம்.எஸ். நோயில் வைட்டமின் டி பற்றி 2018-இல் வந்த, காக்ரேன் என்ற அமைப்பின் தொகுப்பாய்வு 12 சோதனைகளை, 933 பேரைச் சேர்த்துப் பார்த்தது. களைப்பு குறைகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் அதில் கிடைக்கவில்லை. பெரிய அளவுகளைத் தந்து பார்த்த சோதனைகளும் உண்டு. சோலார் என்ற சோதனையில் இன்டர்ஃபெரானோடு தினமும் சுமார் 14,000 யூனிட் 48 வாரம் கொடுத்தார்கள். முக்கிய இலக்கு எட்டப்படவில்லை. 2023-இல் வெளியான விடாம்ஸ் சோதனையில் தினம் 5,000 யூனிட் எடுத்தவர்களுக்கும் 600 யூனிட் எடுத்தவர்களுக்கும் நோய் திரும்பத் தாக்குவதில் வித்தியாசமில்லை. 2025-இல் வந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்று சற்று நம்பிக்கை தருகிறது. நோய் அப்போதுதான் தொடங்கி, வேறு எம்.எஸ். மருந்து ஆரம்பிக்காதவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 1,00,000 யூனிட் என்று இரண்டு ஆண்டு கொடுத்தபோது, நோயின் செயல்பாடு 60 சதவீதம் பேரிடம் தென்பட்டது; மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 74 சதவீதம். அந்த வித்தியாசம் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரிந்த மாற்றம். உங்கள் நிலையும் வேறு, உங்கள் கேள்வியும் வேறு: நீங்கள் ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர், கேட்பது களைப்பைப் பற்றி.

களைப்பு குறைந்ததாக உங்கள் தெரிந்தவர்கள் யாராவது ஓர் ஆய்வைக் காட்டினால், அது அல்ஃபாகால்சிடால் என்ற வைட்டமின் டி வகை மருந்தைப் பற்றியதாக இருக்க வாய்ப்பு அதிகம். 2015-இல் 158 பேரிடம் ஆறு மாதம் நடந்தது. மருந்து எடுத்தவர்களின் களைப்பு மதிப்பெண் சுமார் 42 சதவீதம் குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் 27 சதவீதம் குறைந்தது. இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அல்ஃபாகால்சிடால் கடையில் வாங்கும் சாதாரண வைட்டமின் டி3 அல்ல. டி3-ஐ எவ்வளவு செயல்படும் வடிவமாக மாற்றுவது என்பதைச் சிறுநீரகம் தேவை பார்த்து முடிவு செய்யும். அல்ஃபாகால்சிடால் அந்தக் கட்டுப்பாட்டைத் தாண்டிப் போய்விடும். ஆகவே கால்சியம் ஏறும் ஆபத்து அதிகம், டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் தொடக்கூடாது. இரண்டாவது, வெற்று மாத்திரைக்கே இவ்வளவு குறைகிறது என்றால், ‘எடுத்தேன், நன்றாக இருந்தது’ என்று ஒருவர் சொல்வதை வைத்து அளவை முடிவு செய்ய முடியாது. அவர் பொய் சொல்லவில்லை. களைப்பின் சுபாவமே அப்படி ஏறி இறங்குவதுதான்.

களைப்பு அதிகம் உள்ளவர்களுக்கு வைட்டமின் டி குறைவாக இருப்பது பல கணக்கெடுப்புகளில் தெரிவது உண்மையே. ஆனால் களைப்பும் சூடு தாங்காமையும் உள்ளவர் வெயிலில் இறங்க மாட்டார், நடமாட்டமும் குறையும்; அதனாலேயே வைட்டமின் டி குறையும். எது எதனால் வந்தது என்பது அந்த எண்ணில் தெரியாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுவோம். வாரம் 60,000 என்றால் நாளுக்குச் சுமார் 8,570 யூனிட். கால்சியம் மாத்திரை அட்டையின் பின்புறம் பாருங்கள். பலவற்றில் ஒரு மாத்திரைக்கு 250 முதல் 500 யூனிட் வரை வைட்டமின் டி சேர்ந்தே இருக்கும். 500 என்றால் இரண்டு வேளைக்கு 1,000. மல்டிவைட்டமினில் 400 இருப்பது சகஜம். கூட்டினால் ஏறக்குறைய 10,000. உங்கள் தெரிந்தவர்கள் சொல்லும் 10,000-ஐ ஆறு வாரமாக எடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், களைப்பு அசையவில்லை. இதற்கு மேல் 10,000 சேர்த்தால் நாளுக்கு 20,000 ஆகும். கண்காணிப்பு இல்லாமல் ஒரு பெரியவர் நீண்ட நாள் எடுக்கக்கூடிய உச்ச வரம்பாகச் சொல்லப்படுவது 4,000. சில டப்பாக்களில் அளவு மைக்ரோகிராமில் இருக்கும்: 25 மைக்ரோகிராம் என்பது 1,000 யூனிட். 250 என்று போட்டிருப்பதைக் குறைவு என்று நினைத்து நான்கு போட்டுக்கொண்டால் நாளுக்கு 40,000 உள்ளே போகும்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை எம்.எஸ். உள்ளவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வைட்டமின் டி அதிகமானால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். அதன் அறிகுறிகள்: களைப்பு, தசைப் பலவீனம், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், தாகம், குமட்டல், மந்தமான சிந்தனை. தாகத்தையும் குமட்டலையும் விட்டால், மற்றதெல்லாம் எம்.எஸ். அறிகுறிகளைப் போலவே இருக்கும். நோய் அதிகமாகிவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கூட்டுவார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 1,000 யூனிட் என்று தினமும் எடுக்கச் சொல்லும் முறைகளும் பரவிக் கிடக்கின்றன. அப்படி எடுத்து எம்.எஸ். நோயாளிக்குச் சிறுநீரகம் செயலிழந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். உங்களுக்குச் சிறுநீரகக் கல், சார்காய்டோசிஸ் அல்லது பாராதைராய்டு கோளாறு இருந்தாலோ, தையசைடு வகை நீர் மாத்திரையோ டிகாக்சினோ எடுத்தாலோ இப்போது எடுக்கும் அளவுகூட அதிகமாக இருக்கலாம். டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

மீதி இரண்டு வாரத்துக்கு: வாரத்தில் ஒரே கிழமையை நிர்ணயித்து, அன்றைய பெரிய சாப்பாட்டோடு எடுங்கள். இது கொழுப்பில் கரையும் சத்து. வெறும் வயிற்றில் எடுத்தால் உறிஞ்சப்படுவது குறையும். வார மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் விழுங்குவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. எடுத்த தேதியை அட்டையின் மேலேயே எழுதிவிடுங்கள். எட்டு வாரம் முடிந்தபின் நாளுக்கு 1,500 முதல் 2,000 யூனிட் வரை போதுமானது. கால்சியம் மாத்திரையிலும் மல்டிவைட்டமினிலும் இருப்பது இதற்குள் அடக்கம். முகத்து நரம்பு வலிக்காகக் கார்பமசெபின் எடுப்பவர்களுக்கும் உடல் எடை மிக அதிகமாக உள்ளவர்களுக்கும் இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். அந்த அளவை டாக்டர் சொல்ல வேண்டும். சீக்கிரம் நிரம்பட்டும் என்று பல லட்சம் யூனிட் ஊசியை ஒரே தடவையில் போட்டுக்கொள்வதும் வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறை 5,00,000 யூனிட் கொடுக்கப்பட்ட வயதான பெண்கள் அதிகமாகக் கீழே விழுந்து, அதிகமாக எலும்பு முறிந்தார்கள். நடையில் ஏற்கெனவே தடுமாற்றம் உள்ளவருக்கு அது தேவையில்லாத ஆபத்து.

மறுபரிசோதனையை அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம். ரத்தத்தில் இதன் அளவு நிலைபெற மூன்று மாதம் ஆகும். எட்டு வாரப் பெரிய அளவு முடிந்து, தினசரி அளவில் மூன்று மாதம் ஆனபின் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி பரிசோதனை செய்தால் போதும். கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மட்டும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

பரிசோதனைக்கு முன் பயோட்டினை நிறுத்த வேண்டும். முடிக்காக விற்கப்படும் மாத்திரைகளில் 5 முதல் 10 மில்லிகிராம் வரை பயோட்டின் இருக்கும். உடலின் அன்றாடத் தேவை 30 மைக்ரோகிராம்தான். பல லேப் இயந்திரங்களின் பரிசோதனை முறையிலேயே பயோட்டின் ஒரு பிடிமானமாகப் பயன்படுகிறது. ரத்தத்திலும் அது நிறைய இருந்தால் கணக்கு தவறும். வைட்டமின் டி உள்ளதைவிட அதிகமாகக் காட்டலாம். தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.எச். உள்ளதைவிடக் குறைவாகக் காட்டலாம். இந்த இரண்டாவது பிழை உங்கள் விஷயத்தில் மிக முக்கியம். இன்டர்ஃபெரான் சிலருக்குத் தைராய்டைப் பாதிக்கும். தைராய்டு குறைந்தால் களைப்பு வரும், டி.எஸ்.எச். ஏறும். பயோட்டின் அந்தக் குறைவை மறைத்து ரிப்போர்ட்டை நார்மல் ஆக்கிவிடலாம். ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். மல்டிவைட்டமினிலும் அது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதையும் நிறுத்துங்கள். லேபிலும் சொல்லிவிடுங்கள். அதே ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, கல்லீரல் என்சைம்கள், டி.எஸ்.எச். ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். முன்பு எடுத்த தைராய்டு ரிப்போர்ட் பயோட்டின் எடுத்துக்கொண்டிருந்தபோது செய்ததாக இருந்தால் அதை நம்ப வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்திய வரி, இரவில் மூன்று முறை எழுவது. அதைக் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆழ்ந்த தூக்கம் ஒவ்வொரு இரவும் மூன்று இடத்தில் வெட்டப்பட்டால், யாருக்கும் மதியத்தில் தெம்பு இருக்காது. எம்.எஸ். நோயில் சிறுநீர்ப்பை இரண்டு விதமாகக் கெடும்: நிறையும் முன்பே சுருங்கும், அல்லது முழுதாகக் காலியாகாமல் மிச்சம் வைக்கும். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், சிகிச்சையோ வேறு வேறு. மூன்று நாள், இருபத்து நான்கு மணி நேரமும், எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு மில்லி சிறுநீர் போனது என்று அளவுக் குவளை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகப் போகிறது என்றால் சிறுநீர்ப்பைக் கோளாறு. ஒவ்வொரு முறையும் நிறையப் போகிறது என்றால் சர்க்கரை, கால்சியம், மாலையில் குடிக்கும் நீர், பகலில் காலில் தேங்கிய நீர் என்று வேறு காரணங்களைத் தேட வேண்டும். சிறுநீர் கழித்தவுடன் ஸ்கேன் எடுத்து மிச்சம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். 100 மில்லிக்கு மேல் இருந்தால் பொதுவாகக் கவனிக்க வேண்டியது. மிச்சம் எவ்வளவு என்று தெரியாமல் சிறுநீர்ப்பையைத் தளர்த்தும் மாத்திரை தொடங்கினால், அது இன்னும் தேங்கித் தொற்றில் கொண்டுவிடும். சிறுநீர்ப் பரிசோதனையும் செய்யுங்கள். எரிச்சலே இல்லாமல் களைப்பையும் கால் இறுக்கத்தையும் மட்டும் கூட்டும் தொற்று எம்.எஸ். உள்ளவர்களுக்கு வரும். எழாமல் இருப்பதற்காக நாள் முழுக்கத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். படுக்கைக்கு முந்தைய இரண்டு மணி நேரம் மட்டும் குறைத்தால் போதும். மாலைக்குப் பின் காபி, டீ வேண்டாம்.

குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது, படுத்ததும் கால் குறுகுறுத்து அசைக்கத் தோன்றுவது ஆகியவை உண்டா என்று உடன் இருப்பவரைக் கேளுங்கள். இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அடுத்தது பேக்லோஃபென். மதிய மாத்திரையை எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்து ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் உடல் துவள்கிறது என்றால் இரண்டு மணிக் களைப்பில் அதற்கும் பங்கு இருக்கிறது. மதிய அளவைக் குறைத்து இரவில் கூட்ட முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். இன்டர்ஃபெரானை இரவு படுக்கும்முன் போட்டுக்கொள்வது நல்லது, காய்ச்சல் போன்ற உடல்வலி தூக்கத்தோடு கழிந்துவிடும். ஊசிக்கு மறுநாள் மட்டும் களைப்பு அதிகமா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் வேறு எம்.எஸ். மருந்துக்கு மாறுவதைப் பற்றிப் பேச அதுவே போதுமான காரணம். இன்டர்ஃபெரானில் மனச்சோர்வும் வரலாம். பிடித்த விஷயங்களில்கூட நாட்டம் போய்விட்டது என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள், அதற்கு நல்ல சிகிச்சை உண்டு.

சூடு பற்றி: உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே பாதிக்கப்பட்ட நரம்பில் சமிக்ஞை தடுமாறும். பிற்பகலில் உடல் வெப்பம் இயல்பாகவே சற்று ஏறும். ஒரு மணிக்கே குளிர்ந்த நீரில் குளிப்பது அல்லது கழுத்திலும் மணிக்கட்டிலும் ஈரத்துணி வைப்பது, ஒன்றரைக்கு இருபது நிமிடம் படுப்பது என்று ஒரு வாரம் செய்து பாருங்கள். களைப்பு வந்தபின் ஓய்வெடுத்தால் தேற நீண்ட நேரமாகும். வரும்முன் எடுத்தால் சிறிது ஓய்வே போதும். உடற்பயிற்சி களைப்பைக் கூட்டும் என்ற பயம் வேண்டாம். வாரம் இரண்டு நாள் அரை மணி நேரம் மிதமான நடை அல்லது சைக்கிள், இரண்டு நாள் தசை வலுப் பயிற்சி என்பதுதான் எம்.எஸ். உள்ளவர்களுக்கான பரிந்துரை. பத்து நிமிடத்தில் தொடங்குங்கள், காலை நேரத்தில் செய்யுங்கள்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றும் முன்னும், நான்கு வாரம் கழித்தும் களைப்புத் தீவிர அளவுகோலை நிரப்புங்கள்: ஒன்பது வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண், சராசரி 4 அல்லது அதற்கு மேல் என்றால் குறிப்பிடத்தக்க களைப்பு. டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ அது கிடைக்கும். எது உதவியது என்பதை நினைவை நம்பிச் சொல்ல முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் களைப்பு நீடித்தால், அமாண்டடின், மொடாஃபினில் போன்ற மருந்துகளைப் பற்றி டாக்டரிடம் பேசலாம். எதிர்பார்ப்பை மட்டும் அடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். 2021-இல் வந்த ஒரு சோதனையில் இவ்விரண்டும் மெதில்ஃபெனிடேட்டும் வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. சிலருக்கு நன்றாக உதவுவதும் உண்டு. மொடாஃபினில் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும், கர்ப்பத்தில் கூடாது. களைப்பைக் கையாளக் கற்றுத்தரும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை 2024-இல் வந்த ஒப்பீட்டில் மொடாஃபினிலுக்கு இணையாகவே உதவியது, மருந்தின் பக்க விளைவும் இல்லை. எனக்குப் பிடித்த தேர்வு அதுதான்.

கடைசியாக, வைட்டமின் டியை நிறுத்தினால் எம்.எஸ். அதிகமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய அளவிலிருந்து சிறிய அளவுக்கு இறங்குவதால் நோய் சீறிக்கொண்டு வராது. ரத்தத்தில் உள்ள அளவு பாதியாகவே இரண்டு, மூன்று வாரம் ஆகும்; ஒரு நாள், ஒரு வாரம் விட்டுப்போனால் பதற வேண்டியதில்லை, மறந்ததைச் சேர்த்து இரட்டிப்பாக எடுக்கவும் வேண்டாம். நோய் திரும்பத் தாக்காமல் காப்பது இன்டர்ஃபெரான். அதை மட்டும் டாக்டரைக் கேட்காமல் விடாதீர்கள். புதிதாகப் பார்வை மங்கல், ஒரு பக்க மரத்துப்போதல், நடை மாற்றம் ஏதாவது வந்து ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், அல்லது தாகமும் குமட்டலும் சேர்ந்து வந்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள். இரண்டாவது சூழ்நிலையில் வைட்டமின் டியையும் கால்சியத்தையும் அன்றே நிறுத்திவிட்டு, ரத்த கால்சியம் பரிசோதனைக்குப் போங்கள்.